குடியேற்றம், மூன்று கிரெடிட்

படிவத்தில் பதினான்கு கட்டம்.
பட்டத்தின் பெயரை எழுதியாயிற்று:
அமெரிக்கப் பண்பாட்டுக் கற்கைகள், பல்துறைச் சிறப்பு.
மற்றதெல்லாம் வெள்ளை.

வந்தாறுமூலை. கச்சான் அடிக்கும் ஆனி.
கன்டீன் மேசைக்கு ஒரு கால் குட்டை;
அதன் கீழே மடித்து வைத்திருப்பது
போன வருடம் மூதவை திருப்பியனுப்பிய
எங்கள் முதல் வரைபு.

கிருபைராசா வரலாறு. பைரூஸா பொருளியல்.
நான் இலக்கியம்; ஆகையால் தட்டச்சும் நானே.
நூற்றிருபது கிரெடிட்டை மூன்று பேர் பிரிக்கிறோம்,
வட்டவிதானை இல்லாத வட்டையில்
தண்ணீர் பிரிக்கிற மாதிரி:
வாய்க்கால் வாயில் நிற்பவருக்குக் கொஞ்சம் கூட.

ஜாஸுக்கு இரண்டு. பருத்திக்கு மூன்று,
அடிமை வணிகத்தையும் சேர்த்தால் நான்கு.
சினிமா தெரிவுப் பாடம்.
"கட்டாயமாக்கினா ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றாள் பைரூஸா.
மாவுக்கு ஒரு பாடம் கேட்டதும் அவள்தான்:
கப்பலில் வந்த அமெரிக்கன் மா
ஏறாவூர் ரொட்டிக்குள் எப்படிப் புகுந்தது என்று,
கோதுமை விலையிலிருந்து.
கிருபைராசா கூடைப்பந்தைக் கொண்டுவந்தார்.
நியூ ஓர்லியன்ஸ் பாதிரிமார்
புளியந்தீவுப் பொடியன்களைத் துள்ளவைத்த கதை.
களப்பயணம், ஒரு கிரெடிட், பஸ் காசு அவரவர்.

பிறகு ஐந்தாம் அரையாண்டு.
அங்கேதான் தமிழ் எங்களை மறித்தது.

'ஃபிரன்ரியர்' என்பதற்கு அகராதி 'எல்லைப்புறம்' என்றது.
அடித்தேன், பார்த்தேன், அழித்தேன்.
எல்லைக் கிராமத்திலிருந்து வருகிற பிள்ளை
இந்தத் தலைப்பை
எந்தப் பக்கம் நின்று வாசிக்கும்?
கௌபாயின் முதுகுக்குப் பின்னாலா,
அவன் துவக்கு நீளும் பக்கத்திலா?

சரி, 'குடியேற்றம்' என்று போடுவோம் என்றார் கிருபைராசா.
மூவரும் உடனே சம்மதித்தோம்.
அதுவே எனக்குச் சந்தேகம்.

அவருக்கு அது மேற்கே உருண்ட வண்டிகள்;
முன்பே இருந்தவர்களை
வரைபடத்தின் ஓரத்துக்குத் தள்ளிய சட்டம்.
பைரூஸாவுக்கு நியூயோர்க் துறைமுகம்,
பெட்டியோடு இறங்கியவர்களின் கூலிக் கணக்கு.
எனக்கு
ஏழாம் கொலனி.

இங்கினியாகலை அணையைக் கட்டியது
ஓர் அமெரிக்கக் கம்பனி.
அந்தத் தண்ணீர் வந்தபடியால் எங்களுக்குக் காணி.
காட்டை இலக்கத்தால் பிரித்து
இலக்கத்தையே ஊருக்குப் பெயராக வைத்த காணி.
நாற்பது வருடம் அங்கே நாங்கள்
வந்தவர்கள்.
தொண்ணூறில் ஓடிவந்தோம், இங்கேயும்
வந்தவர்கள்.
இதே வளாகத்தில் சாக்கு விரித்துப் படுத்தோம்.
எனக்கு ஆறு வயது.
கூரை விட்டங்களை எண்ணினேன், பதினேழு.
எந்த மண்டபம் என்று இன்னும் தெரியவில்லை;
பாடம் நடத்தப் போகும் மண்டபத்திலெல்லாம்
ஒருமுறை அண்ணாந்து பார்ப்பேன்.

இதை எங்கே எழுதுவது?
'கற்பித்தல் வளங்கள்' என்றொரு கட்டம் இருக்கிறது.
புரொஜெக்டர் ஒன்று, என்று எழுதினேன்.

உகணையிலிருந்து வரும் இரேஷா மேசையைக் கடந்தாள்.
திரையை எட்டிப் பார்த்தாள்,
அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்தாள்,
தன்னிடமிருந்த தமிழில் சொன்னாள்:
"நம்மட வீடும் கொலனிதான், மெடம்."
தேநீரை ஊதிக்கொண்டே போய்விட்டாள்.

கிருபைராசா கண்ணாடியைத் துடைத்தார்.
பைரூஸா, கிரெடிட் மூன்று காணாது என்றாள்.

கடைசிக் கட்டம்: முன்தகைமை.
இந்தப் பாடத்துக்கு முன் மாணவர்
எதைக் கற்றிருக்க வேண்டும்?
'எதுவுமில்லை' என்று அடித்தேன். அழித்தேன்.
கரன்ட் போனது.
கட்டம் வெறுமையாகவே பீடாதிபதிக்குப் போனது.

நேற்றுத் திரும்பி வந்தது.
அந்தக் கட்டத்துக்குள்
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி.
மேசை இன்னும் ஆடுகிறது, இதையும் வைப்போம் என்கிறார்கள்.
மற்றப் பக்கங்களைக் கொடுத்துவிட்டேன்.
இதை மட்டும் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.